கண்ணில்லாத வண்டின் விலாசம்

முன்னங்கால் பாதத்தில் கணு மூன்று, என்று மெர்லின் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் அடிக்கிறாள், மூன்று என்ற சொல் காதில் விழுகிறது, மூன்றாம் எண் பை, மூன்று வருஷம், நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மாடியில் விலங்கியல் துறை, ஜன்னலுக்கு வெளியே பதினொரு மணி வெயில், பீரோக்களில் ஸ்பிரிட் நாற்றம். இந்த நாற்றத்தில்தான் முப்பத்துநாலு வருஷம் அட்டெண்டராகச் சோறு தின்றேன், ஓய்வுபெற்று ஒன்பது வருஷமாகியும் மெர்லின் கூப்பிட்டால் சாக்கைத் தூக்கிக்கொண்டு மலைக்குச் சருகு அள்ளப் போகிறவன் நான்தான். இங்கே படிக்கும்போது தவளையைத் தொடப் பயந்து அழுத பிள்ளை, இன்றைக்கு இதே துறையில் டாக்டர் மெர்லின் சுதா, நாலுபேர் இருந்தால் மேடம் என்பேன், இல்லாவிட்டால் மக்ளே. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் அந்த வண்டு கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டர். கருப்பட்டியைச் சுரண்டும்போது நகத்தில் ஒட்டும் துகள் அளவு. உலகத்திலேயே நாலுதான் கைக்கு வந்திருக்கிறது, மூன்று பெண், ஒரு ஆண், இதுவரை யாரும் பேர் வைக்காத இனம், மெர்லின் இப்போது அதற்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறாள், மத்தியான மணி அடிப்பதற்குள் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவாள். மிச்சமிருப்பது ஒரு பத்திதான், எங்கே எடுத்தது, எப்படிப்பட்ட இடம் என்கிற பத்தி. அதைச் சரிபார்க்கத்தான் என்னை வரச்சொல்லியிருக்கிறாள். "பாக்கியளா அண்ணாச்சி?" என்று நகர்ந்து இடம் விடுகிறாள். குனிந்து கண்ணை வைக்கிறேன். கண் இருக்கவேண்டிய இடத்தில் அதற்கு வழவழவென்று ஒன்றுமில்லை. நான் அதைப் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கவில்லை என்பது ஒரு நிமிஷம் ஆறுதலாக இருக்கிறது, என்ன அல்ப ஆறுதல்.

"கண்ணும் கிடையாது, றெக்கையும் கிடையாது, இருந்த எடத்த விட்டு அசையவும் அசையாது, நம்ம பிரின்ஸ்பால் மாதிரில்லா இருக்கு" என்கிறார் கிங்ஸ்லி சார், இதே துறை வாத்தியார், அடுத்த மேஜையில் கப்பலண்டிக் கடலையின் தோலை ஊதிக்கொண்டே. மெர்லின் சிரிக்கவில்லை, வேலை நேரத்தில் சிரிக்கமாட்டாள். "அசையாததுதான் சார் இதோட விஷயமே. ஒரு மரத்து மூட்டுல, வேரடியில பொறந்தா அந்த மூட்டுலயே சாவும். பக்கத்து மரத்துக்குக்கூடப் போவாது. எங்க எடுத்தோம்ங்கதுதான் இதுல முக்கால்வாசி. எடம் தப்புன்னா இந்த மூணு வருஷமும் வேஸ்ட்." வேஸ்ட் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாளா, இல்லை, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், எனக்குத்தான் எல்லாப் பார்வையும் என் பக்கமே திரும்புகிறது. இடம் என்றால் சீட்டு. பொடிப்பூச்சி பிடிக்கிறவனுக்குத் துண்டுக் காகிதம்தான் உயிர். சருகை அள்ளின இடத்திலேயே, அள்ளின கையோடு, பென்சிலால், இடம், உயரம், தேதி, எடுத்தவன் பேர் எழுதிப் பைக்குள் போட்டுவிட வேண்டும், பேனா என்றால் ஸ்பிரிட்டில் கரைந்துபோகும். அதன்பிறகு சருகைப் புனலில் கொட்டி மேலே பல்பைத் தொங்கவிட்டால் சூடு பொறுக்காமல் பூச்சியெல்லாம் கீழே கீழே இறங்கிக் குப்பிக்குள் விழும், சீட்டும் அதோடு குப்பிக்குள் போகும், அப்புறம் நூறு வருஷமானாலும் அந்தச் சீட்டு சொல்வதுதான் சாட்சி. எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன், சீட்டு எங்கடே, சீட்டில்லாம என்னத்துக்கு இதைச் சுமந்துட்டு வந்தே, கோழிக்குப் போடவா. ஒருத்தன் ஜீப்பில் வைத்து எழுதியதற்காக அந்தப் பையையே கவிழ்த்துக் கொட்டியிருக்கிறேன், மெர்லினும் அன்றைக்குப் பக்கத்தில் நின்றாள். அப்படிப்பட்டவன் மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், மெர்லின் சொல்லித் தனியாக மலைக்குக் கிளம்பின அன்றைக்கு, பஸ்ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு கையில் பழம்பொரி, மலையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே ஐந்து சீட்டையும் எழுதி முடித்தான். மெர்லின் வரைபடத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுத்த எண்கள். கரடிமொட்டை உச்சி, ஆயிரத்து முந்நூறு மீட்டர். மழை வந்தால் பென்சில் பிடிக்காதே என்றுதான் எழுதினேன். இல்லை, அதுவும் பொய், சோம்பல். மேலே போய்க் குனிந்து எழுத முதுகு வணங்காது என்கிற சோம்பல்.

அட்டெண்டர் ஏசுவடியான் சொன்னது என்றால் இந்தக் கல்லூரியில் அர்த்தமே வேறு. யானை ஒன்று அடைமழையில் என் குடையை வாங்கிக்கொண்டு போய் மறுநாள் வெயில் வந்ததும் மடக்கித் திருப்பித் தந்தது, அட்டை ஒன்று என் காலில் வாய் வைத்துவிட்டு சர்க்கரை ஜாஸ்தி என்று துப்பிவிட்டுப் போனது, இதெல்லாம் நான் சொன்னவை, பிள்ளைகள் டிபன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டவை. பொய் என்று யாரும் சொன்னதில்லை, பொய் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, அப்படித்தான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரி ரெத்தினபாய் மட்டும் சொல்வாள், ஒம்ம வாயில இருந்து ஒரு நெசம் வந்தா அண்ணைக்கு நான் பாயாசம் வைக்கேன் என்று, நாற்பத்தைந்து வருஷமாக வீட்டில் பாயாசம் இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் கரடிமொட்டைக் கதையும் வந்தது. போய்வந்த மறுநாள் இதே முக்காலியில் உட்கார்ந்து சொன்னேன், உச்சியில் மூடுமஞ்சு என்றால் அப்படி ஒரு மஞ்சு மக்ளே, எதிரே நிற்கிற மரம் தெரியாத பனிமூட்டம், குடையை அதிலேயே தொங்கப்போட்டேன், சருகு ஒரு சாண் ஆழம், அள்ளலாம் என்று போனால் அதுமேல் கரடி ஒன்று படுத்திருக்கிறது, நான் நின்றேன், அது கண்ணைத் திறந்து பார்த்தது, பஸ்ஸில் கிழவனுக்கு இடம் விடுகிற மாதிரி கொஞ்சம் தள்ளிப் படுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். மெர்லின் சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதினாள், என்ன எழுதினாள் என்று அன்றைக்குக் கேட்கவில்லை, இன்றைக்குத்தான் கேட்கிறது, இதோ வாசிக்கிறாள்: "வாழிடம், முகில் மூடிய உச்சிச் சோலை, ஒரு சாண் ஆழ ஈரச் சருகு. சாண்தானே அண்ணாச்சி சொன்னிய?" நான் தலையை ஆட்டுகிறேன், ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்கே தெரியாத ஓர் ஆட்டு. சருகைச் சலிப்பதுபோல என் பேச்சையும் சலித்திருக்கிறாள் இந்தப் பிள்ளை, கரடியைத் தூக்கி எறிந்துவிட்டு மஞ்சையும் சாணையும் வைத்துக்கொண்டாள். கரடி பொய்யென்றால் மஞ்சு மட்டும் எப்படி நிஜமாகும் மக்ளே, இரண்டும் ஒரே வாய்தானே.

நான் உச்சிக்குப் போகவே இல்லை. பஸ் கடைசி நிறுத்தத்தில் இறங்கி அரைமணி நேரம் நடந்திருப்பேன், ரப்பர்த் தோட்டம் முடிகிற இடத்தில் பூட்டிப்போட்ட பழைய பம்ப்ஹவுஸ், அதன் வாசலில் வலது கால் முட்டு பிடித்துக்கொண்டது. மழை. முட்டு பலாக்காய் போல வீங்கி, கால் எனக்குச் சம்பந்தமில்லாத யாருடையதோ மாதிரி. உச்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் ஏறவேண்டும். அங்கே அயனி மரங்கள் நின்றன, மூட்டில் சருகு கிடந்தது, சருகு என்றால் சருகுதானே என்று ஐந்து பையையும் அங்கேயே நிரப்பி, எழுதி வைத்திருந்த சீட்டை ஒவ்வொன்றாகப் போட்டுக் கட்டினேன். நடந்தது இவ்வளவுதான். இவ்வளவுதானா. இதுதான் என்னை அரிக்கிறது, மூன்று வருஷமாகக் கரடிக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒவ்வொரு தடவையும் ஒரு ரோமம் கூடியது, இப்போது கண்ணை மூடினால் கரடியின் மூக்கு நுனியில் ஈரம் பளபளக்கிறது, அது விடுகிற மூச்சில் தேன்வாடை அடிக்கிறது, பம்ப்ஹவுஸின் கதவு மரமா தகரமா என்று கேட்டால் தெரியவில்லை. கூரை இருந்ததா. ஆள் யாராவது இருந்தார்களா. ஒருவேளை உச்சிக்குத்தான் போனேனோ, பம்ப்ஹவுஸ்தான் நான் பிற்பாடு கட்டிய பொய்யோ, குற்றவுணர்ச்சிக்காரன் தனக்குத்தானே ஜோடித்துக்கொள்ளும் கதையோ. எழுபதை நெருங்குகிறவன் மண்டைக்குள் எது எதை அரித்துத் தின்கிறதோ, தெற்குத்தெரு தாவீது பெற்ற மகளையே யாரு நீ என்று கேட்டான் போன மாசம். அப்போது டீசல் வாடை வருகிறது. எங்கிருந்து, கீழே காலேஜ் பஸ், இல்லை, அன்றைக்கு வந்த வாடை, பம்ப்ஹவுஸ் வாசல் தரையில் ஊறிக்கிடந்த பழைய டீசல், மழைத்தண்ணீரில் அது வானவில்லாய்ப் பரந்து என் செருப்பை நனைத்தது, ரெத்தினபாய் அந்தச் செருப்பை மூன்று நாள் வெளியிலேயே போட்டிருந்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததனால் அது வளரவில்லை, அன்றைக்கு இருந்த அளவிலேயே இருக்கிறது. அப்படியென்றால் நிஜம். நிஜமாகத்தான் இருக்கவேண்டும்.

குப்பியைத் திறந்து பார்த்து மெர்லின் கத்தின நாளில் சொல்லியிருக்கலாம். மூன்றாம் எண் பையில் மட்டும் நாலு வண்டு, ஆண் வண்டின் குறியை ஊசியால் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்துவிட்டு, இது புதுசு அண்ணாச்சி, உலகத்துக்கே புதுசு என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், வண்டுகளுக்கு அந்த அங்கம்தான் ஆதார் கார்டு, மனுஷனுக்கும் அப்படி வைத்திருந்தால் ரேஷன்கடை என்ன ஆகும் என்று நான் ஒரு நகைச்சுவை சொன்னேன், அந்தச் சிரிப்பில் போய்விட்டது. அப்புறம் இன்னும் நாலைந்து வேண்டுமென்று அவள் கரடிமொட்டைக்கு ஏறத் தொடங்கினாள். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் முட்டுவலி என்று நான் நழுவினேன், அந்த வலி மட்டும் நிஜம். ஒன்பதாவது தடவை வழுக்கிப் பாறையில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, உள்ளே பிளேட்டு வைத்து, கட்டோடு வந்து கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள், "உங்க கரடி தள்ளிவிட்டுட்டுது அண்ணாச்சி." நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பு வீட்டுக்குப் போகிற வரைக்கும் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது, முகத்தைக் கழுவியும் போகவில்லை. இப்போது அவள் டைப் அடிக்கும்போது அந்தத் தழும்பு மேஜை விளிம்பில் உரசுகிறது, ஒவ்வொரு வரி முடிவிலும் வலியில் கையை ஒரு உதறு உதறுகிறாள், நான் எண்ணுகிறேன், உதறல் பதினேழு. அதோடு பேர் வேறு. ஏசுவடியானி. என் பேருக்கு வாலில் ஓர் எழுத்து ஒட்டி அந்த வண்டுக்கு வைத்திருக்கிறாள், உலகம் உள்ள மட்டும் அழியாதாம். ரெத்தினபாயிடம் சொன்னேன், நம்பவில்லை, இதுவும் ஒம்ம கப்ஸாதானே என்றாள். கடைசிவரை பிறக்காத பிள்ளைக்குப் பதிலாக ஒரு வண்டாவது என் பேரைச் சுமக்கட்டும் என்று மூன்று வருஷமாக வாயை மூடியிருந்தேன் என்றால் அதுதான் உண்மை, அதைக் கடவுளிடம்கூடச் சொன்னதில்லை.

நேற்றுப் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது, பஸ் இப்போது ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டியும் போகிறது. பம்ப்ஹவுஸைச் சுற்றி அயனி மரங்களில் சிவப்பு நாடா, ஓடுகிற பஸ்ஸில் அதுமட்டும்தான் கண்ணில் பட்டது. கண்டக்டரிடம் கேட்டேன், "அதுவா, மேல ரிசார்ட் வருகுல்லா பாட்டா, கார் நிறுத்த எடம் வேணும்லா, நாளக்கழிச்சு ஜேசிபி வருகு." நேற்றைக்குச் சொன்ன நாளைக்கழித்து என்றால் நாளைக்கு. அப்போதிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு பல்பு தொங்குகிறது, சூடு தாங்காமல் உள்ளே இருக்கிறதெல்லாம் கீழே கீழே இறங்குகிறது. வண்டு ஒரு மரத்து மூட்டில். மரம் நாளைக்கு மண்ணோடு. காகிதத்தில் அது ஆயிரத்து முந்நூறு மீட்டரில் மஞ்சுக்குள் பத்திரமாக இருக்கும், மெர்லின் பேர் போட்டு, என் பேர் போட்டு. இனி வருகிறவர்கள் எல்லோரும் கரடிமொட்டைக்கு ஏறுவார்கள், வழுக்கி விழுவார்கள், கிடைக்காது, அரிய இனம் என்பார்கள். "அப்போ அனுப்பிரட்டா அண்ணாச்சி?" என்கிறாள் மெர்லின். கை மவுஸ்மேல். மணி பன்னிரண்டே முக்கால். நான் வாயைத் திறக்கிறேன், என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

"அது கரடிமொட்டையில எடுத்ததில்ல மக்ளே."

கிங்ஸ்லி சார் கப்பலண்டியை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பிச்சாச்சு. சொல்லும் அண்ணாச்சி, நிலாவுலயா எடுத்தீரு? கரடி லிஃப்ட் குடுத்துதா?" நான் அவர் பக்கம் திரும்பவில்லை. "ரப்பர்த் தோட்டத்துக் கடைசியில பழைய பம்ப்ஹவுஸ். முட்டு பிடிச்சுக்கிட்டுது. மேல ஏறல. அயனி மூட்டுல அள்ளினேன். சீட்ட காலையிலயே டீக்கடையில வச்சு எழுதிட்டேன்." மெர்லின் என்னையே பார்த்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு ஒன்று தயாராக நின்றது, என் கதை திரும்புகிற இடத்துக்காகக் காத்திருந்தது. "அப்புறம்?" என்றாள். "அப்புறம் ஒண்ணுமில்ல." "நடுவுல யாரும் வரலியா?" "வரல." "எதையும் பாக்கலியா?" "மழ பெஞ்சுது. டீசல் வாட அடிச்சுது. அஞ்சு பையையும் கட்டிட்டுத் திரும்பிட்டேன்." சிரிப்பு மெதுவாக இறங்கிப் போனது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தது தெரியாமலே பிடித்தாள். கிங்ஸ்லி சார், "மேடம், அண்ணாச்சி வெளையாடுதாரு, நீங்க அனுப்புங்க" என்றார், அந்தக் குரலிலும் விளையாட்டு இல்லை. நாளைக்கு ஜேசிபி வரப்போவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அறிமுகமில்லாத ஒரு வறண்ட ஆள் பேசுவதுபோல இருந்தது, ஒரு சொல்லுக்கும் காலோ கையோ முளைக்கவில்லை. அவள் கேட்கப்போகிறாள், பதினோரு தடவை ஏறினேனே என்று கேட்கப்போகிறாள், கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்தாள். பீரோவைத் திறந்து சல்லடையையும் துணிப்பைகளையும் எடுத்தாள், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். நானும் எழுந்து என் சாக்கைத் தேடினேன்.

"நீங்க வரவேண்டாம்" என்றாள், அண்ணாச்சி என்ற சொல் அதில் இல்லை. "நீங்க கூட வந்தா, அங்க கிடைக்கதயும் நான் நம்பமாட்டேன்."

வாசலைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து கதவில் கை வைத்து நின்றாள். "இருட்டுகதுக்கு முன்னால அஞ்சு பைதான் அள்ள முடியும். எந்த அயனி? அந்த மூணாம் நம்பர் பை." எந்த அயனி. பம்ப்ஹவுஸின் முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்னால், பின்னால் இருந்ததா. "இடப்பக்கம்" என்றேன். அவள் போய்விட்டாள், செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கியது. இடப்பக்கமா. உள்ளே பம்ப்ஹவுஸ் மெதுவாகச் சுற்றியது, முகப்பு முதுகாகி முதுகு முகப்பாகி, மரங்கள் கைகோத்துக்கொண்டு இடம் மாறின, எங்கே போனாலும் மரத்துக்கு அந்தண்டை கறுப்பாக ஏதோ ஒன்று படுத்திருந்து நகர்ந்து இடம் கொடுத்தது, போ, நீ அங்கே இல்லை, நீ எப்போதுமே இல்லை. எழுந்து அறையின் நடுவில் நின்றேன். வலது முட்டு வீக்கம். அப்படியென்றால் இடது காலை ஊன்றித்தான் உட்கார்ந்திருப்பேன், வலது காலை நீட்டி. நீட்டினேன், கிங்ஸ்லி சார் பார்த்துக்கொண்டிருக்கத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன், ஒரு கையால் சுவரைப் பிடிக்காமல் அந்தக் காலோடு உட்கார முடியாது, பிடித்தேன், வலது கையால், உள்ளங்கையில் ஈரச் சிமெண்ட் சொரசொரத்தது. சுவர் எனக்கு வலதுபுறம். சரிதான், பின்பக்கம் போகவில்லை, பக்கச்சுவர் ஓரத்து மரந்தான், ஆனால் எதைப் பார்த்து உட்கார்ந்தேன், ரோட்டைப் பார்த்தா, மலையைப் பார்த்தா. மழை எதிரில் அடித்தது. ஐப்பசி மழை கீழக்கடல் பக்கமிருந்து அல்லவா வரும், ரோட்டுப் பக்கமிருந்து. ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். ரோட்டைப் பார்த்தவனுக்குச் சுவர் வலதில் என்றால் ரோட்டில் நின்று முகப்பைப் பார்க்கிறவளுக்கு நான். ஜன்னலுக்கு ஓடினேன், ஓடினேனா, முட்டுக்காலை இழுத்துக்கொண்டு போனேன். கீழே அவள் காரின் கதவைச் சாத்துகிற சத்தம். "வலப்பக்கம் மக்ளே!" என்று கத்தினேன், "இடப்பக்கம் இல்ல, வலப்பக்கம்!" மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்து, கிழவர் ஏதோ புதுக்கதை தொடங்கிவிட்டார் என்று சிரித்தார்கள். கார் கேட் வரைக்கும் போய் நின்றது. எஞ்சின் அணையவில்லை. பிறகு கேட்டைத் தாண்டி மலைரோட்டில் திரும்பியது, என் சத்தம் அவள் காதில் விழுந்ததா, விழுந்தும் அவள் எந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று தெரியாமல் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.